தம் வரலாற்றைத் தாமே எழுதியோர்

மன்னர் வெட்டுவித்த கல்லில் மன்னர் பெயர் இருக்கும். நிலக்கிழாரின் கணக்கேட்டில் அவருக்கு வரவேண்டிய நெல்லின் அளவு இருக்கும். அக்கல்லைச் சுமந்தவர் பெயரும், அந்நெல்லை விளைவித்தவர் பெயரும் அவற்றில் பெரும்பாலும் இரா. ஒரோவழி இருப்பினும், எழுதியவர் எவ்வாறு காண விரும்பினாரோ அவ்வாறே அவர்கள் அங்குக் காட்டப்பட்டிருப்பர். ஆதலின், ஒடுக்கப்பட்ட சமுதாயம் ஒன்று கல்வி பெறுங்கால் அதன் முன் நிற்கும் தலையாய கடமைகளுள் ஒன்று, தன் வரலாற்றைத் தானே ஆராய்ந்து எழுதுவதாகும்.

நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நம் இளைஞர்களின் மனத்தை வருத்தும் ஒரு சொல்லை நாம் நினைவுகூர வேண்டியுள்ளது. 'சலுகை' என்பதே அச்சொல். கல்லூரியில் இடம் பெறினும், அலுவலகத்தில் பணி பெறினும், 'உங்களுக்குக் கொடுக்கப்பட்டது' என்று பிறர் கூறக் கேட்டு நம் பிள்ளைகள் தலைகுனிவதை ஆசிரியப் பணியில் நாம் பலமுறை கண்டிருக்கிறோம். வறுமை நம் இயல்பு, முன்னேற்றம் பிறர் இட்ட கொடை என்னும் இரு கருத்துகள் அச்சொல்லுள் அடங்கியுள்ளன. இவற்றைச் செவியுற்றோர் உலகில் நாம் மட்டும் அல்லர். அமெரிக்காவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் அடிமைகளாக வாழ்ந்தோரின் வழிவந்த மக்களும் இவற்றையே கேட்டு வளர்ந்தனர். அம்மக்களுட் சிலர் இவற்றிற்கு ஆய்வு நூல்களால் விடை கூறினர். அந்நூல்கள் பிறந்த வரலாற்றைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

டூ பாய்சின் பெருநூல்

டபிள்யூ. இ. பி. டூ பாய்ஸ் 1868ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலத்தில் பிறந்தார். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தில் அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. அமெரிக்காவுக்கு ஆப்பிரிக்க அடிமைகளைக் கொணரும் வணிகம் ஒடுக்கப்பட்டது பற்றிய அவருடைய ஆய்வேடு, ஹார்வர்டு வரலாற்று நூல் வரிசையின் முதல் நூலாக 1896இல் வெளிவந்தது. அதன் பின்னர் அவர் பிலடெல்பியா நகரில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஏழாம் வட்டத்தில் குடியேறி, ஏறத்தாழ 2,500 இல்லங்களுக்குத் தாமே சென்று, தொழில், வருவாய், வாடகை, கல்வி, உடல்நலம் ஆகியவற்றைக் கேட்டு எழுதினார். அம்மக்களின் இழிநிலைக்கு அவர்தம் பிறப்பே காரணம் என்று கருதப்பட்ட காலம் அது. வேலை மறுப்பும், மிகுந்த வாடகையும், அடிமை முறை விட்டுச் சென்ற சுவடுகளுமே காரணம் என்பதை அவர் 1899இல் வெளியிட்ட நூல் கணக்கோடு காட்டிற்று.

அவருடைய பெரும்பணி 1935இல் நிறைவேறியது. 'அமெரிக்காவில் கறுப்பினத்தாரின் மறுசீரமைப்பு' எனத் தமிழில் கூறத்தக்க அந்நூல், 1860 முதல் 1880 வரையிலான காலத்தை ஆராய்வது. உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து அடிமை முறை ஒழிந்த பின்னர், தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் வாக்குரிமை பெற்றனர், சட்டமன்றங்களிலும் அமர்ந்தனர். 1877க்குள் அந்நிலை குலைக்கப்பட்டது. அக்காலத்தைப் பற்றிப் பள்ளிப் பாடநூல்கள் கூறியது என்ன? விடுதலை வடநாட்டார் அளித்த கொடை. அதனைப் பெற்றோர் ஆளத் தெரியாதவர். அவர்தம் ஆட்சி ஊழலில் முடிந்தது என்பதே. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் டன்னிங்கும் அவருடைய மாணவர்களும் இக்கருத்தை வரலாற்று அறிவியலாகவே நிலைநாட்டியிருந்தனர். டன்னிங் அங்குப் பணிபுரிந்த காலத்திலேயே, 1913 முதல் 1916 வரை அண்ணல் அம்பேத்கர் அப்பல்கலைக்கழகத்தில் பயின்றார் என்பதை ஈண்டுக் குறிப்பது பொருந்தும்.

டூ பாய்ஸ் அக்கருத்தை வேரோடு மறுத்தார். அடிமைகள் விடுதலைக்குக் காத்துக் கிடக்கவில்லை. போர் தொடங்கியதும் தோட்டங்களை விட்டு இலட்சக்கணக்கில் வெளியேறினர். அது ஒரு பொது வேலைநிறுத்தம் ஆகும் என்றார் அவர். ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தார் வடபடையில் சேர்ந்து போரிட்டனர். தென் மாநிலங்களில் வறியோர் அனைவர்க்கும் இலவசப் பொதுப்பள்ளி கிடைத்ததற்குக் கறுப்பினத்தார் வாக்களித்து அமைத்த அரசுகளே பெருங்காரணம் என்பதையும் அவர் காட்டினார். வெள்ளையருள் ஏழைகளாக இருந்தோரின் பிள்ளைகளும் அப்பள்ளிகளிற் பயின்றனர். நூலின் இறுதி இயலில், அன்று வழக்கிலிருந்த பள்ளிப் பாடநூல்களையே எடுத்து அவற்றின் பொய்களை வெளிப்படுத்தினார்.

அந்நூல் வெளிவந்தபோது அந்நாட்டு வரலாற்று அறிஞர்களின் தலையாய இதழ் அதற்கு ஒரு மதிப்புரையேனும் வெளியிடவில்லை. ஆனால், 1960களில் குடியுரிமைப் போராட்டம் ஓங்கியபின் அறிஞர்கள் அதனை நாடினர். 1988இல் எரிக் ஃபோனர் எழுதிய விரிவான நூலுக்குப் பின்னர், டூ பாய்ஸ் வகுத்த பாதையே பல்கலைக்கழகங்களின் பொதுப்பாதை ஆயிற்று. உண்மை ஏறத்தாழ அரை நூற்றாண்டு காத்திருந்தது எனினும், அது எழுதப்பட்டிருந்தமையால்தான் காத்திருக்க முடிந்தது.

ஆசிரியர்களால் வளர்ந்த சங்கம்

நூல் எழுதுதல் தனியொருவரின் பணி. அதனைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொண்டு சேர்த்தல் ஓர் அமைப்பின் பணி. இதனை உணர்ந்தவர் கார்ட்டர் வுட்சன். 1875இல் பிறந்த அவருடைய பெற்றோர் இருவரும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றோர். இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்த அவர், 20ஆம் வயதிற்றான் உயர்நிலைப் பள்ளியில் சேர இயன்றது. அவரே 1912இல் ஹார்வர்டில் வரலாற்று முனைவரானார். 1915இல் கறுப்பின மக்களின் வாழ்வையும் வரலாற்றையும் ஆராய்வதற்கென ஒரு சங்கத்தை நிறுவினார். மறுஆண்டே ஆய்விதழ் தொடங்கினார். 1926இல் பிப்ரவரித் திங்களில் ஒரு வாரத்தை வரலாற்று வாரமாகப் பள்ளிகள் கொண்டாடச் செய்தார். அவ்வாரமே பின்னர் ஒரு திங்களாக விரிந்தது. செல்வர்களின் அறக்கட்டளைகள் பொருளுதவியை நிறுத்திக்கொண்டபோது, பள்ளி ஆசிரியர்களும் எளிய மக்களும் அளித்த சிறுசிறு நன்கொடைகளே அச்சங்கத்தைத் தாங்கின. கல்விக் கழகம் நடத்தும் நமக்கு இதனினும் அண்மையான எடுத்துக்காட்டு வேறில்லை.

ஆசிரியரும் மாணவரும்

மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான டிரினிடாட்டில் குவின்சு ராயல் கல்லூரி என்னும் பள்ளி உள்ளது. அங்கு ஆசிரியராக இருந்தவர் சி. எல். ஆர். ஜேம்ஸ், அவரிடம் பயின்றவர் எரிக் வில்லியம்ஸ். இவ்விருவரும் ஆறாண்டு இடைவெளியில் எழுதிய இரு நூல்கள் அடிமை முறையின் வரலாற்றையே மாற்றி எழுதின.

ஜேம்ஸ் 1932இல் இங்கிலாந்து சென்றார். பாரிசு நகர ஆவணக் காப்பகங்களில் ஆராய்ந்து, 1938இல் 'கறுப்பு ஜாக்கோபின்கள்' என்னும் நூலை வெளியிட்டார். பிரெஞ்சுப் புரட்சியில் தீவிரக் கொள்கையினராக விளங்கியோர் ஜாக்கோபின்கள். பாரிசில் முழங்கிய சமத்துவக் கொள்கையை உண்மையாகவே கைக்கொண்டோர் கடல் கடந்த தோட்டங்களில் இருந்த கறுப்பு அடிமைகளே என்பதை அத்தலைப்பு உணர்த்துகிறது. பிரான்சின் மிகச் செல்வமிக்க குடியேற்ற நாடாக இருந்த சான் டொமிங்கில் 1791இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அடிமையாகப் பிறந்த தூசான் லூவர்த்தூர் அவர்களைப் படையாகத் திரட்டினார். பிரெஞ்சு, ஸ்பானிய, ஆங்கிலப் படைகள் அனைத்தும் அங்குத் தோற்றன. தூசான் 1803இல் பிரெஞ்சுச் சிறையில் இறந்தபோதிலும், 1804 ஜனவரி முதல் நாள் அந்நாடு ஹெய்ட்டி என்னும் பெயரில் விடுதலை நாடாயிற்று. அடிமைகள் தாமே போரிட்டு நாடு கண்ட நிகழ்ச்சி அது.

அந்நாடு பின்னர் வறுமையுற்றது ஏன் என்று வினவுவோர்க்கும் விடை உண்டு. 1825இல் பிரான்சு போர்க்கப்பல்களை அனுப்பி, தோட்டக்காரர்களின் இழப்புக்கு ஈடாக 15 கோடி பிராங்கு கேட்டது. 1838இல் அத்தொகை 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. அதனைக் கட்டுவதற்கு வாங்கிய கடன்கள் 1947இல்தான் முற்றாகத் தீர்ந்தன. அடிமைகளாக இருந்தோரே தம் விடுதலைக்கு விலையும் கொடுத்தனர்.

வில்லியம்ஸ் 1911இல் பிறந்தவர். அஞ்சலக எழுத்தர் ஒருவரின் பன்னிரு மக்களுள் மூத்தவர். அரசு உதவித்தொகை பெற்று ஆக்ஸ்போர்டு சென்று, 1938இல் முனைவரானார். அவருடைய ஆய்வை இலண்டனில் வெளியிடுவார் இல்லை. புரட்சி நூல்களை வெளியிடுபவர் எனப் பெயர்பெற்ற ஒரு பதிப்பாளரும், இது பிரித்தானிய மரபுக்கு மாறானது என்று கூறி மறுத்துவிட்டதாக வில்லியம்ஸ் தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். 1944இல் அமெரிக்காவில் வட கரோலினாப் பல்கலைக்கழகப் பதிப்பகம் அதனை 'முதலாளியமும் அடிமை முறையும்' என்ற பெயரில் வெளியிட்டது. இங்கிலாந்தில் அந்நூல் பதிப்பிக்கப்பட்டது 1964இல்தான்.

அந்நூல் கூறுவது யாது? இங்கிலாந்து 1807இல் அடிமை வணிகத்தையும் 1833இல் அடிமை முறையையும் ஒழித்தது அருளாளர் சிலரின் இரக்கத்தால் என்பதே அதுவரை கற்பிக்கப்பட்டது. வில்லியம்ஸ் வணிகக் கணக்குகளையும் நாடாளுமன்ற ஆவணங்களையும் கொண்டு மூன்று செய்திகளை நிறுவ முயன்றார். அடிமை உழைப்பாலும் அடிமை வணிகத்தாலும் திரண்ட பொருள் இங்கிலாந்தின் தொழிற்புரட்சிக்கு மூலதனமாக உதவிற்று என்பது முதலாவது. அத்தொழில் வளர்ந்தபின் பழைய கரும்புத் தோட்ட முறை அதற்குத் தடையாயிற்று. ஆதலின் அது கைவிடப்பட்டது என்பது இரண்டாவது. பார்படோசில் 1816இலும், தெமராராவில் 1823இலும், ஜமைக்காவில் 1831இலும் அடிமைகள் நடத்திய கிளர்ச்சிகளும் ஒழிப்பை விரைவுபடுத்தின என்பது மூன்றாவது.

இந்நூலை அறிஞர் அனைவரும் அப்படியே ஏற்றனர் அல்லர். தோட்டங்கள் நலிவுற்றிருந்தன என்னும் கருத்தை சீமோர் டிரெஷர் 1977இல் எழுதிய நூலில் கடுமையாக மறுத்தார். அவ்விவாதம் இன்றும் தொடர்கிறது. ஆனால், அடிமை முறையின் பொருளாதாரத்தை விலக்கிவிட்டு இரக்கத்தை மட்டும் பேசுதல் அதன் பின்னர் எவருக்கும் இயலாதாயிற்று. மறுப்பதற்கும் கணக்கு வேண்டும் என்னும் நிலையை ஒரு நூல் உண்டாக்குமாயின் அது அதன் வெற்றியே.

ஒழிப்பின்போது நடந்ததை மட்டும் எண்ணிப் பார்ப்போம். பிரித்தானிய அரசு 2 கோடி பவுன் இழப்பீடு வழங்கியது. அது விடுதலை பெற்ற ஏறத்தாழ 8 இலட்சம் மக்களுக்கு அன்று. அவர்களை உடைமையாக வைத்திருந்தோர்க்கு! உழைத்தவர் ஒரு காசும் பெறவில்லை. அதற்கென அரசு வாங்கிய கடனின் எச்சம் 2015இல்தான் தீர்க்கப்பட்டது. இழப்பீடு பெற்றோர் பெயர்களை இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2013இல் பட்டியலிட்டு எவரும் காணுமாறு வெளியிட்டனர். 'சலுகை' பெற்றவர் எவர் என்பதை அப்பட்டியல் கூறும்.

கரும்புத் தோட்டத்தில் நம்மவர்

அப்பட்டியலில் உள்ளோருள் ஒருவர் ஜான் கிளாட்ஸ்டன். பின்னாளில் இங்கிலாந்தின் பிரதமரான கிளாட்ஸ்டனின் தந்தை இவர். 1823ஆம் ஆண்டுத் தெமராராக் கிளர்ச்சி தொடங்கியது இவருடைய தோட்டத்திலேயாகும். ஒரு இலட்சம் பவுனுக்கு மேல் இழப்பீடு பெற்ற இவர், விடுதலை பெற்றோர்க்கு மாற்றாக இந்தியாவிலிருந்து கூலியாட்களை வரவழைக்க ஏற்பாடு செய்தார். 1838 மே 5ஆம் நாள் இரு கப்பல்கள் இந்தியத் தொழிலாளரைப் பிரித்தானிய கயானாவில் இறக்கின. 1917 வரை அந்நாட்டுக்கு மட்டும் ஏறத்தாழ 2,39,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். பெரும்பாலோர் கல்கத்தா வழியாகச் சென்ற வடநாட்டார். எனினும், சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்ற தமிழரும் அவருள் உண்டு. புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் பிரெஞ்சுத் தீவுகளுக்குச் சென்றோரும் உண்டு. நிலமின்றியும் பஞ்சத்தாலும் ஊரைவிட்டுச் சென்ற அவர்களுள் ஒடுக்கப்பட்ட சாதியினர் பலர். கயானாவில் இன்றும் நிலவும் மாரியம்மன் வழிபாடு அவர்கள் கொண்டுசென்றதே.

அந்த கயானாவில் 1942இல் பிறந்தவர் வால்ட்டர் ராட்னி. தந்தை தையற்காரர். உதவித்தொகைகளாலேயே பயின்று, 24ஆம் வயதில் இலண்டனில் முனைவர் பட்டம் பெற்றார். ஜமைக்காவில் விரிவுரையாளராக இருந்தபோது, பல்கலைக்கழகத்தில் மட்டுமன்றி, சேரிகளுக்கும் சென்று ஏழை மக்களோடு அமர்ந்து ஆப்பிரிக்க வரலாற்றைப் பேசினார். அதனைப் பொறாத ஜமைக்கா அரசு 1968 அக்டோபரில் அவர் நாட்டினுள் நுழைவதைத் தடை செய்தது. தான்சானியாவில் ஆசிரியராக இருந்த காலத்தில், 1972இல், 'ஐரோப்பா ஆப்பிரிக்காவை எவ்வாறு வளர்ச்சி குன்றச் செய்தது' என்னும் நூலை வெளியிட்டார்.

பின்தங்கிய நிலை என்பது ஒரு நாட்டின் தொடக்க நிலை அன்று, அது உண்டாக்கப்பட்ட நிலை என்பதே அந்நூலின் கரு. இளைஞரும் கைவினைஞரும் பல நூற்றாண்டுகள் அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்ட நாட்டில் தொழில் எவ்வாறு வளரும்? குடியேற்ற ஆட்சி அமைத்த இருப்புப்பாதைகள் சுரங்கத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் துறைமுகத்திற்கே சென்றன. ஊரையும் ஊரையும் இணைக்க அவை அமைக்கப்படவில்லை. உள்நாட்டுக் காரணங்களுக்கு ராட்னி போதிய இடம் தரவில்லை என்று குறைகூறுவோர் உளர். அவ்வாறாயினும், 'ஏன் ஏழையானாய்?' என்னும் வினாவை 'எவ்வாறு ஏழையாக்கப்பட்டாய்?' என அவர் மாற்றியமைத்தது பெரும்பணியாகும்.

அவருடைய இறுதி நூல் 1881 முதல் 1905 வரையிலான கயானா உழைக்கும் மக்களின் வரலாறு. கடல்மட்டத்திற்குக் கீழே கிடந்த அந்நாட்டுக் கரையோரத்தைத் தோட்டமாக்க, அடிமைகள் மண்வெட்டி கொண்டே 10 கோடி டன் சேற்று மண்ணை அள்ளினர் என்னும் கணக்கை அந்நூலில் அவர் எடுத்துக்காட்டினார். ஆப்பிரிக்கரும் இந்தியரும் பகைத்து நிற்குமாறு செய்யப்பட்டிருந்த அந்நாட்டில், இருவர் உழைப்பையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். நூல் 1981இல் வெளிவந்தபோது அவர் உயிருடன் இல்லை. 1980 ஜூன் 13 அன்று ஜார்ஜ்டவுனில் குண்டு வெடித்து 38ஆம் வயதில் மாண்டார். அக்கொலையில் அரசுக்குப் பங்கு இருந்ததென 2016இல் வெளியான விசாரணை ஆணைய அறிக்கை கூறியது.

நாம் கொள்ள வேண்டிய படிப்பினைகள்

ராட்னி மாண்டபோது கயானாவை ஆண்டவர் அவருடைய இனத்தவரே. பேரறிஞரான எரிக் வில்லியம்சும் 1955இல் உட்போர்டு சதுக்கத்தில் எளிய மக்களுக்கு வரலாறு கற்பித்து, 1962 முதல் 1981இல் மறையும்வரை விடுதலை நாட்டின் பிரதமராக விளங்கியவர். எனினும், 1965இல் டிரினிடாட்டுக்குத் திரும்பிய தம் ஆசிரியர் ஜேம்சை அவருடைய அரசே வீட்டுக் காவலில் வைத்தது. நம்மவர் ஆட்சிப் பொறுப்பில் அமர்தல் வேண்டும்; அது போதாது. அமர்ந்தவரை வினவும் அறிவும் நமக்கு வேண்டும். அவ்வறிவை வளர்ப்பதே வரலாற்றுக் கல்வியின் பயன்.

மற்றொன்றும் கருதத்தக்கது. இவ்வறிஞர்கள் சினத்தை மட்டும் எழுதவில்லை. கப்பல் பதிவேடு, தோட்டக் கணக்கு, நாடாளுமன்ற அறிக்கை என ஆண்டோர் தம் நலனுக்காக எழுதி வைத்த ஏடுகளிலிருந்தே சான்று எடுத்தனர். அதனால்தான் அவர்தம் கூற்றை எவரும் எளிதில் தள்ள இயலவில்லை.

அண்ணல் அம்பேத்கர் இவ்வழியை நன்கறிந்தவர். 1916இல் கொலம்பியாவில் சாதி பற்றிய ஆய்வுரையைப் படித்தார். 1923இல் ரூபாயின் சிக்கல் பற்றிய பொருளியல் நூலை வெளியிட்டார். 1948இல் தீண்டாமையின் தோற்றம் பற்றி எழுதினார். 1946இல் அவர் டூ பாய்சுக்குக் கடிதம் எழுதி, அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவையிடம் அளித்த விண்ணப்பத்தின் படியைக் கேட்டார். டூ பாய்சும் விடை எழுதினார். கடல் கடந்த இரு ஒடுக்கப்பட்ட சமுதாயங்களின் அறிஞர்கள் ஒருவர் பணியை மற்றவர் அறிந்திருந்தனர். தமிழகத்திலும் 1893இல் இரட்டைமலை சீனிவாசனாரும் 1907இல் அயோத்திதாசப் பண்டிதரும் இதழ்கள் தொடங்கி நம் வரலாற்றை நாமே பேச வழிவகுத்தனர்.

இளைஞர்களே! உங்களிடம் நாம் வேண்டுவது அரியதொன்று அன்று. உங்கள் ஊரில் முதற்பள்ளி எந்த ஆண்டு வந்தது, அதற்கு இடம் கொடுத்தவர் யார், நம்மவருள் முதலில் அதில் சேர்ந்தவர் யார், எவர் தடுத்தனர் என்பவற்றைப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டிலும் முதியோர் நினைவிலும் தேடி எழுதுங்கள். செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையின் பயனாக 1892 முதல் நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் உங்கள் ஊரில் இருந்ததா, அது இன்று எவர் கையில் உள்ளது என்பதை நில ஆவணங்களில் பாருங்கள். பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் சென்ற உறவினரின் கடிதங்களும் கடவுச்சீட்டுகளும் பெட்டியின் அடியிற் கிடப்பின் அவற்றைக் கறையானுக்கு விட்டுவிடாதீர்கள். கேட்டதைக் கேட்டதாகவும், ஏட்டிற் கண்டதைக் கண்டதாகவும் வேறுபடுத்தி எழுதுங்கள். ஆண்டும் நாளும் தவறாது குறியுங்கள்.

நம் கழகமும் இதற்குத் துணை நிற்றல் வேண்டும். மேலே கூறிய நூல்களைப் படிப்பகத்தில் வாங்கி வைத்தலும், ஆங்கிலம் கற்ற நம் பட்டதாரிகள் அவற்றின் சுருக்கத்தைத் தமிழில் எழுதித் திங்கள்தோறும் படித்துக் காட்டலும், ஊர்தோறும் திரட்டிய குறிப்புகளைப் பாதுகாக்க ஒரு நிலைப்பெட்டி அமைத்தலும் நம்மால் இயன்ற செயல்களே. முதல் 25 ஆண்டுகளில் நம் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். இனிவரும் 25 ஆண்டுகளில் அவர்கள் எழுதட்டும். பொன்விழா மலர் வெளிவரும்போது, நம் ஊர்களின் வரலாறு சான்றுகளோடு அதில் இடம்பெறுமாக.